புதிர்க்காடு – 9: கம்பி எங்கே போய் மூடும்?

மார்கழியில் முடிச்சூர்த் தெருக்கள் விடிவதற்கு முன்பே விழித்துக்கொள்ளும். போன வருஷம் ஒரு நாள், எதிர்வீட்டு வாசலில் அம்மாவும் மகளும் சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மகளுக்கு 11 வயது. 3 வரிசை, வரிசைக்கு 5 புள்ளி. வளைத்து வளைத்து இழுத்து, ஒரே கம்பியாகத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டாள்.

மறுநாள் வரிசைக்கு ஒரு புள்ளி கூட்டி 6 ஆக்கினாள். அதே கை, அதே வளைவு. கோலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆவதற்குள் கம்பி புறப்பட்ட இடத்துக்கு வந்து மூடிக்கொண்டது.

"எங்கயோ தப்பா இழுத்துட்டேடி" என்றாள் அம்மா.

தப்பே இல்லை. காரணம் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன்.

"ஆன்ட்டி, சொல்லிடாதீங்க! நானே பார்க்கறேன்."

புதிர் வீடியோ கேம்களில் அப்படி என்ன இருக்கிறது என்று எட்டு வாரமாக இந்தத் தொடரில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நான் கேட்டதிலேயே நல்ல பதில் இதுதான். விடை கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் வேண்டாம் என்கிறாள்.

'தி விட்னஸ்' என்ற விளையாட்டை அவளுக்கு அறிமுகம் செய்ததற்கு அதுதான் காரணம். அமெரிக்கரான ஜோனதன் ப்ளோ பல ஆண்டுகள் உழைத்து 2016 ஜனவரியில் வெளியிட்டது. ஆளில்லாத ஒரு தீவு. அதில் 500-க்கும் மேற்பட்ட பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வட்டத்திலிருந்து கோடு ஒன்றை இழுத்து முனைக்குக் கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான். எப்படி ஆட வேண்டும் என்ற விளக்கம் எங்கேயும் எழுதியிருக்காது. முதல் பலகையில் நேர்க்கோடு. அடுத்ததில் ஒரே ஒரு திருப்பம். கொஞ்ச தூரம் போனால் கறுப்புக் கட்டங்களும் வெள்ளைக் கட்டங்களும் வரும். நாலைந்து முறை தோற்ற பிறகு சட்டென்று பிடிபடும்: இரண்டு நிறத்தையும் கோடு பிரித்துவிட வேண்டும். யாரும் சொல்லித் தரவில்லை. பலகைகளை அடுக்கியிருக்கும் வரிசையே வாத்தியார்.

சரியாக இழுத்தால் காசு கொட்டாது, மதிப்பெண் ஏறாது. கோடு ஒளிரும், பலகையிலிருந்து ஒரு கம்பியில் வெளிச்சம் ஓடி அடுத்த பலகையை எழுப்பும். யூடியூபில் விடையைப் பார்த்தும் இழுக்கலாம், பலகை திறந்துவிடும். ஆனால் அடுத்த பலகை முந்தையதில் கற்ற விதியைக் கேட்கும். அது நம்மிடம் இருக்காது. இவ்வளவு நேர்மையான விளையாட்டு வேறொன்றை நான் பார்த்ததில்லை.

கோலப் புத்தகத்தைப் பார்த்துப் போடுகிறவருக்கும், விதி தெரிந்து போடுகிறவருக்கும் உள்ள வித்தியாசமும் இதேதான். முன்னவருக்கு அந்த ஒரு கோலம் வரும். பின்னவர் நாளைக்குப் புதிதாக ஒன்றைப் போடுவார்.

இந்த விதிகளை எழுதிப் பார்த்த இடம் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முடிச்சூர் சாலையில் போய் ரயில் பாதையைத் தாண்டினால் கிழக்குத் தாம்பரம், சென்னைக் கிறித்தவக் கல்லூரி. அங்கே பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி தம்பதியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974-இல் கோலத்துக்கு இலக்கணம் வகுத்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சில விதிகளைக் கொண்டு ஒரு மொழியில் எண்ணற்ற வாக்கியங்களை உருவாக்கலாம் என்பது மொழியியலாளர் சாம்ஸ்கியின் வழி. அதைப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் விரியும் கட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள் இவர்கள். பின்னால் சிரோமணி தம்பதி கம்பிக் கோலத்துக்கென்றே தனி இலக்கணமும் எழுதினார்கள். வாசலில் தினம் தண்ணீர் தெளித்துக் குனிகிற பெண்களின் கையில் கணிதம் இருக்கிறது என்பதைக் கணினி ஆய்வுலகம் படித்துத் தெரிந்துகொண்டது தாம்பரத்திலிருந்துதான். எனக்கு அதில் தீராத பெருமை.

எதிர்வீட்டுப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். அவள் விடவில்லை. தினம் ஓர் அளவு போட்டாள். கடைசிப் பக்கங்கள் காலியாக இருந்த ஒரு பழைய நோட்டில் குறித்துக்கொண்டாள். 4 வரிசை, 4 புள்ளி: 4 கம்பி. 4 வரிசை, 5 புள்ளி: ஒரே கம்பி. 4 வரிசை, 6 புள்ளி: 2 கம்பி. ஐந்தாம் நாள் அழைப்புமணியை விடாமல் அழுத்தினாள். கதவைத் திறந்தால், கையெல்லாம் கோலமாவு.

"ஆன்ட்டி, வந்துடுச்சு! இது நாங்க ஸ்கூல்ல படிச்ச கணக்குதான்!"

அந்த முகத்தை எந்தத் திரையிலும் நான் பார்த்ததில்லை.

எந்தக் கணக்கு என்று இங்கே எழுதமாட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் கம்பிகள் குறுக்கே வெட்டிப் போக வேண்டும். ஓரத்தில் மட்டும் வளைந்து திரும்ப வேண்டும். 6 வரிசை, வரிசைக்கு 9 புள்ளி. எத்தனை கம்பி வரும்? விடை அடுத்த இதழில்.