வான்கோழிக் குஞ்சுகளும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களும்

வான்கோழி வளர்க்கும் அங்கத்தினர்கள், தீவனத்தில் கலப்பதற்கென்று புரோபயாடிக், பிரீபயாடிக் என்ற பெயர்களில் பொருள்கள் விற்கப்படுவதை அறிவார்கள். வளர்ப்புச் செலவில் பெரும்பகுதி தீவனத்துக்கே ஆகிறது. அதற்கு மேலும் ஒரு செலவை ஏற்குமுன், இப்பொருள்களின் தன்மையை ஆராய்ந்து அறிதல் அவசியம்.

தாயோடு திரியும் குஞ்சு, தாயின் எச்சம் பட்ட மண்ணைக் கொத்தும்போதே தன் குடலுக்கு வேண்டிய நுண்ணுயிர்களைப் பெற்றுவிடுகிறது. இன்குபேட்டரில் 28 நாட்களில் பொரிந்து வரும் குஞ்சுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் குடலில் முதலில் குடியேறுபவையே இடம் பிடித்துக்கொள்கின்றன. பாலுக்கு உரிய வேளையில் உறையிட்டால் தயிராகிறது, தவறினால் கெட்டுப்போகிறது. குஞ்சின் குடலும் அத்தகையதே.

இவ்வுண்மையை 1973இல் பின்லாந்து ஆராய்ச்சியாளர்களான நூர்மி, ராண்டாலா ஆகிய இருவரும் கோழிக் குஞ்சுகளைக் கொண்டு விளக்கினர். வளர்ந்த கோழியின் குடலிலுள்ள நுண்ணுயிர்களை இளங்குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது, சால்மொனெல்லா என்னும் தீய கிருமி அவற்றின் குடலில் எளிதில் நிலைகொள்ள முடியவில்லை. பின்னர் வான்கோழிக் குஞ்சுகளிலும் இம்முறை ஆராயப்பட்டது.

புரோபயாடிக் என்பது உயிருள்ள நுண்ணுயிர். லாக்டோபேசில்லஸ், பேசில்லஸ், ஈஸ்ட் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. லாக்டோபேசில்லஸ் குடலில் புளிப்பை உண்டாக்கித் தீய கிருமிகளை ஒடுக்குகிறது. பிரீபயாடிக் உயிருள்ளதன்று, பறவையால் ஜீரணிக்க முடியாததும், நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாவதுமான ஒருவகைச் சர்க்கரைப் பொருள். சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் இனுலின் இதற்கு உதாரணம். முன்னதை விதை என்றால் பின்னதை எரு எனலாம். ஈஸ்டின் மேலுறையிலிருந்து எடுக்கப்படும் மன்னான் என்ற பொருளோ, சில தீய கிருமிகள் குடற்சுவரைப் பற்றாதவாறு அவற்றைத் தன்னோடு ஒட்டவைத்து வெளியேற்ற உதவுகிறது. குடற்சுவர் நலமாக இருந்தால் தீவனத்தின் சத்து நன்கு உடலில் சேரும், வளர்ச்சியும் சீராகும்.

முன்னாளில் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் மருந்துகளைச் சிறு அளவில் கலந்தனர். அதனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் என்ற அச்சம் எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் அவ்வழக்கத்தை முற்றிலும் தடைசெய்தது. மனித மருத்துவத்துக்கு முக்கியமான மருந்துகளை வளர்ச்சிக்காகக் கொடுப்பதை அமெரிக்கா 2017இல் நிறுத்தியது. இதன் பின்னரே நாம் கூறும் பொருள்களுக்கு மதிப்பு மிகுந்தது.

ஆயினும் பலன் எங்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. நுண்ணுயிரின் வகை, கொடுக்கும் அளவு, பண்ணையின் சுத்தம் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறுகிறது. கொடுக்கும் முறையிலும் கவனம் தேவை. பொரிந்த முதல் சில நாட்களிலேயே தொடங்குதல் நலம். குளோரின் கலந்த நீர் உயிருள்ள கிருமிகளைக் கொல்லும். ஆகவே குளோரின் இல்லாத தூய நீரிலேயே கலக்க வேண்டும். குருணைத் தீவனம் தயாரிக்கும் வெப்பத்தில் லாக்டோபேசில்லஸ் பெரும்பாலும் மடியும். பேசில்லஸின் வித்துக்கள் தாங்கும். நோய்க்கு ஆன்டிபயாடிக் கொடுக்கும் நாட்களில் இவற்றைக் கொடுப்பதில் பயன் குறைவு. நோய் கண்டால் கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தை நிறுத்தவும் கூடாது.

லாபமா என்பதைக் கணக்கே சொல்ல வேண்டும். 100 குஞ்சுகள் இருப்பின் 50, 50ஆகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் கொடுத்து, தின்ற தீவனத்தையும் ஏறிய எடையையும் இரண்டுக்கும் தனித்தனியே குறித்துவருக. ஒரு கிலோ எடை ஏறுவதற்கு 3 கிலோ தீவனம் ஆன இடத்தில் 2.85 கிலோ போதும் என்றாயிற்று எனக் கொள்வோம். தீவனம் கிலோ 40 ரூபாயாயின், மிச்சம் 6 ரூபாய். அந்த ஒரு கிலோ எடைக்குச் சேர்த்த பொருளின் விலை 6 ரூபாய்க்குக் குறைந்திருந்தால் லாபம், மிஞ்சினால் நஷ்டம். ஓர் அங்கத்தினர் கண்ட இக்கணக்கைச் சங்கக் கூட்டத்தில் சொல்வாரானால், மற்றவர்களின் பணமும் வீண்போகாது.

வான்கோழிக் குஞ்சு, தின்னவும் குடிக்கவும் கற்றுக்கொள்வதில் மந்தமானது. முதல் வாரத்தில் சுமார் 35 டிகிரி செல்சியஸ் சூடு, உலர்ந்த கூளம், சுத்தமான நீர், இரையைக் காட்டிக்கொடுக்கும் பொறுமை ஆகியவை இல்லாவிடில் எந்தப் பொட்டலமும் அதைக் காப்பாற்றாது. பாவு பழுதாயிருக்க ஊடையை மட்டும் உயர்த்திப் பயனில்லை என்பது நெசவாள அங்கத்தினர் அறிந்ததே. பராமரிப்பை முதலில் செம்மை செய்துகொண்டு, அதன்பின் இவற்றைச் சோதித்துப் பார்க்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.