முயலெய்த அம்பும் விளிம்புத் தோட்டாவும்

படைச்செருக்கு என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் முயலையும் யானையையும் அருகருகே நிறுத்துகின்றார். முயலை எய்து வென்றவனைக் காட்டிலும், யானையை எதிர்த்துக் குறி தவறியவனுக்கே ஏற்றந் தருகின்றார் (குறள் 772). வீரம் பேசும் அதிகாரமாதலின் அது தக்கதே. ஆயின், குறிபார்க்கும் கலையைத் துலாக்கோலாகக் கொண்டு அவ்விரண்டையும் நிறுத்தால், தட்டு மறுபுறம் சாயும். மலைபோல் நிற்கும் வேழத்தின்மேல் வேலெறிய நெஞ்சுரம் வேண்டும். புல்லிடையே செவிநுனி மட்டும் தெரியப் பதுங்கியிருக்கும் முயலை எய்யக் கண்ணும் கையும் மூச்சும் ஒருமைப்படல் வேண்டும். புறநானூற்றின் 152ஆம் பாட்டிலே, வன்பரணர் பாடிய வல்வில் ஓரியின் அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவிச் சென்று, புற்றிலிருந்த உடும்பிலே தைத்தது. அங்குப் போற்றப்படுவது வில்லின் வன்மை. எனக்கோ அந்தக் கடைசி உடும்பின் மேலேதான் கண்!

நமது மலையகத்து வேட்டைக் கதைகளும் பெருவிலங்குகளையே பேசும். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் றொஜர்ஸ் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என்பர். அவர் கல்லறை நுவரெலியாவிலே உள்ளது. அவ்வூரிலே குடியேறிய சாமுவேல் பேக்கர் வேட்டைநாய்களைக் கொண்டு மரையை வளைத்துக் கத்தியாற் குத்தினார். எண்ணிக்கையிலே பெருமை கண்ட காலம் அது. முயலையும் முள்ளம்பன்றியையும் குறிவைத்தவனைப் பற்றி எவரும் நூலெழுதவில்லை.

அச்சிறு வேட்டைக்கென உலகெங்கும் வழங்குவது அங்குலத்தில் நூற்றில் இருபத்திரண்டு பங்கு குழல்வாய் கொண்ட சிறு றைபிள். இதன் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடித்தட்டின் நடுவிலன்றி, மடிந்த விளிம்பினுள்ளே வைக்கப்பட்டிருக்கும். ஊசி அவ்விளிம்பிலே அடிக்கும். 1887இல் தோன்றிய வடிவமே இன்றும் பெருவழக்கு. வழக்கமான ஈயக்குண்டின் நிறை ஏறத்தாழ 2.6 கிராம். ஒலிம்பிக் போட்டியில் 50 மீற்றர் தொலைவிலே சுடுவதும் இத்தோட்டாவினாலேயே. அங்கே பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீற்றர், அதாவது ஒரு கொண்டைக் கடலையளவு! 2024ஆம் ஆண்டின் பாரிஸ் ஒலிம்பிக்கிலே இந்திய வீரர் சுவப்னில் குசாலே, முழந்தாளிட்டும் படுத்தும் நின்றும் சுட்டு, வெண்கலப் பதக்கம் பெற்றது இவ்வகைத் துப்பாக்கியாலேயே.

போட்டிக்களத்தில் தொலைவு மாறாது. மலைச்சரிவிலோ எதுவும் மாறாமல் நில்லாது. 50 யாருக்குச் சரிசெய்த துப்பாக்கியின் குண்டு, 100 யாரை எட்டுமுன் ஏறத்தாழ 6 அங்குலம் தாழ்ந்துவிடும். மணிக்குப் பத்து மைல் வேகத்திலே குறுக்குக் காற்று வீசினால், நான்கைந்து அங்குலம் பக்கவாட்டிலும் ஒதுங்கும். முயலை உடனே வீழ்த்தும் தலையிடமோ இரண்டு அங்குலமே. அதற்குமேல் ஹட்டன் பகுதிக்கேயுரிய இரு இடர்கள் உள. ஒன்று மூடுபனி. பனியூடே மங்கித் தோன்றும் பொருளை மனம் உள்ளதினும் தொலைவிலிருப்பதாகக் கணிக்கும். மற்றொன்று சரிவு. சமநிலத்திலே புவியீர்ப்பு முழுவதும் குண்டின் பாதைக்குக் குறுக்கே இழுக்கும். சரிவிலே அதன் ஒரு பங்கு பாதையின் நெடுகிலும் சென்றுவிடுதலால், குறுக்கே இழுக்கும் பங்கு குறைகின்றது. ஆகவே மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும் குண்டு குறிக்கு மேலேதான் போகும். 45 பாகைச் சரிவில், 100 யாரிலே, இப்பிழை ஏறத்தாழ நான்கு அங்குலம். கீழே சுட்டால் கீழே விழும் என்று எண்ணுபவரே பெரும்பாலார். கணித ஆசிரியர்கள் இதனை வகுப்பிலே எடுத்துக்காட்டினால் முக்கோணவியல் மாணவர்க்கு இனிக்கும்.

குறி தவறியது எங்கே போய் விழும் என்பதே இன்னும் பெரிய கேள்வி. இச்சிறு குண்டு, தடையில்லையேல், ஒரு மைலுக்கும் அப்பாற் செல்லவல்லது. தேயிலை மலையின் முகட்டிலே வானத்தைப் பின்புறமாகக் கொண்டு நிற்கும் முயல் கண்ணுக்கு எளிய குறி. ஆயினும் சுடத்தகாத குறி. முகட்டுக்கு அப்பால் கொழுந்தெடுக்கும் பெண்கள் நிற்கலாம்; லயத்து வாசலிலே குழந்தைகள் விளையாடலாம். பின்னால் மண்மேடு இருந்தாலன்றி விசையில் விரலை வைக்காதவனே குறி கற்றவன். 1916இன் துப்பாக்கிச் சட்டம் உரிமம் கேட்கும். 1937இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் எவ்வுயிரைத் தொடலாகாது என்று கூறும். பின்னாலிருப்பது மேடா, வெளியா என்பதைச் சுடுபவனேதான் பார்த்தாக வேண்டும்.

இன்றோ தோட்டப்புறங்களிலே துப்பாக்கியை விடக் கம்பிச் சுருக்கே மிகுதி. மலக்கறிப் பாத்திகளைக் கிளறும் பன்றிக்கென்று, மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பியை முடிச்சிட்டு வேலியோரம் கட்டிவிட்டுப் போய்விடுகின்றனர். பயிரிழந்தவன் துயரம் மெய்யே. ஆனால் அக்கம்பி எதனைப் பிடிக்கும் என்பது கட்டியவனுக்கே தெரியாது. தொலைவு அளந்து, காற்றறிந்து, மூச்சடக்கி, ஐயமாயின் துப்பாக்கியைத் தாழ்த்தும் வேடனோடு அதனை ஒருசேர வேட்டையென்று பெயரிட்டழைக்க என் நா எழவில்லை. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணியருகே, லக்ஷபான தோட்டப் பகுதியிலே, அத்தகைய சுருக்கொன்றில் அகப்பட்டது பன்றியன்று. இந்நாட்டிலே காண்டற்கரிய கருஞ்சிறுத்தை. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுசென்று மருத்துவஞ் செய்தனர். சில நாள்களிலே அது மாண்டது.