பல்லின் வேரில் சுண்ணாம்பு

நம் இராமநாதபுரக் கடற்கரையில் பவளக்கல்லையும் சிப்பியையும் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய காலம் பெரியோர்க்கு நினைவிருக்கும். நீற்றிய சுண்ணாம்பின் தூய வடிவமான கால்சியம் ஹைட்ராக்சைடை 1920-இல் பல் மருத்துவத்திற்குக் கொண்டுவந்தவர் ஜெர்மானியரான ஹெர்மன்.

சொத்தைப் பல்லின் வேர்க்குழலைத் துப்புரவாக்கி, இம்மருந்தை உள்ளே இட்டு, தற்காலிகமாக மூடுவர். அது சிறிது சிறிதாகக் காரத்தைக் கசியவிட்டு, கருவி எட்டாத நுண்குழல்களில் ஒளிந்த கிருமிகளை அழிக்கும். அதற்கு ஒரு வாரமேனும் வேண்டும். (சில கிருமிகள் இதற்கும் அஞ்சா!) வெற்றிலைச் சுண்ணாம்பையே வைக்கலாகாதா என்று என்னிடம் கேட்டவர் உண்டு. வேண்டாம்; ஈறு வெந்துவிடும்.

வலி நின்றதும் பாம்பன் மீனவர் கடலுக்குப் போய்விடுகிறார்; மறுமுறை மருத்துவரிடம் செல்வதில்லை. தற்காலிக மூடி தேய, உமிழ்நீர் புகும். கிருமி மீண்டும் குடியேறும். முடிவில் பல்லையே பிடுங்க நேரிடும். வேரை நிலையாக அடைக்கக் குறித்த நாளை இல்லத்தரசியர் நாட்காட்டியில் எழுதிவைத்து, அன்று அவரைக் கரையில் நிறுத்திக்கொள்வார்களாக.