சத்தம் போடாத பழுது: உப்பளத்து வெயிலும் நம்ம டிஎன்ஏவும்

இந்த எபிசோட் ஒரு சின்னச் சண்டையில ஆரம்பிச்சது. சித்திரை லீவுக்கு சென்னையிலிருந்து தூத்துக்குடி போயிருந்தேன். எங்க அத்தை இருபது வருஷத்துக்கு மேல உப்பளத்துல வேலை பார்க்கிறாங்க. அவங்களுக்கு ஒரு சன்ஸ்கிரீன் வாங்கிட்டுப் போனேன். விலையைப் பார்த்ததும் டென்ஷன் ஆயிட்டாங்க. "இவ்வளவு துட்டா? நம்ம கருத்த தோலை வெயிலு என்னல பண்ணும்? அன்னன்னைக்குப் பட்ட வெயிலு, ராத்திரி தூங்குனா சரியாப் போயிரும்."

அத்தை சொன்னதுல பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

தூத்துக்குடி 8.8 டிகிரி வட அட்சரேகையில இருக்கு. அதனால சித்திரை பிறக்கிற சமயத்துல நண்பகல் சூரியன் நேர் உச்சந்தலைக்கு மேல நிக்கும். உப்பு விளையுற சீசனும் அதுதான். மேலிருந்து வெயில், கீழே வெள்ளை உப்புல பட்டுத் திரும்புற வெளிச்சம். இதுல இருக்கிற புறஊதாக் கதிர், தோல் செல்லுக்குள்ள போய் டிஎன்ஏவைத் தொடுது.

டிஎன்ஏவை ஒரு ஜிப் மாதிரி நினைச்சுக்கோங்க. எதிரெதிர்ப் பற்கள் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கும். புறஊதாக் கதிர் பட்டா, ஒரே பக்கத்துல அடுத்தடுத்து இருக்கிற ரெண்டு பல் ஒட்டிக்கும். பெரும்பாலும் ரெண்டு டி எழுத்துகள். இந்த ஒட்டல் முக்கியமா ரெண்டு விதம்.

முதல் விதம் சிக்ஸ்-ஃபோர். இதுல ஒட்டின பற்கள்ல ஒண்ணு கிட்டத்தட்ட செங்குத்தாத் திரும்பிடும். எதிர்ப்பக்கத்துப் பல்லோட கோக்க முடியாது. அந்த இடத்துல ஜிப் புடைச்சுக்கிட்டுத் தளர்வா நிக்கும். ரெண்டாவது விதம் சிபிடி. இதுல ரெண்டு பல்லும் ஒட்டியிருந்தாலும் எதிர்ப்பக்கத்தோட ஓரளவு கோத்துக்கும். ஜிப் லேசா வளையும், அவ்வளவுதான். வெயில் உண்டாக்குற இந்தப் பழுதுகள்ல பெரும்பான்மை சிபிடிதான்.

இப்போ நம்ம செல்லோட வேலையைப் பாருங்க. ஒரு செல்லுக்குள்ள சுமார் 600 கோடி எழுத்து ஜோடி இருக்கு. அதுல ஒட்டிக்கிட்ட ரெண்டு எழுத்தைக் கண்டுபிடிக்கணும். அந்த வேலையைச் செய்யுற புரதத்தோட பேர் எக்ஸ்பிசி. இது பழுதைப் படிக்கிறதே இல்லை! ஜிப் எங்க தளர்வா இருக்குன்னு மட்டும் தடவிப் பார்க்கும். தளர்வான இடத்துல விரலை நுழைக்கிற மாதிரி நுழைஞ்சு, பழுதுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற நல்ல எழுத்துகளைப் பிடிச்சுக்கும். 2007-ல் ஈஸ்ட்டில் இருக்கிற இதே வகைப் புரதத்தோட படிக அமைப்பு வெளியானப்போ இது தெளிவாத் தெரிஞ்சது.

இதுல ஒரு வசதி இருக்கு. பழுது என்ன வகையா இருந்தாலும், சிகரெட் புகையால வந்ததா இருந்தாலும்கூட, ஜிப் தளர்ந்தா எக்ஸ்பிசி கண்டுபிடிச்சிடும். ஆனா ஜிப்பைத் தளர்த்தாத பழுதை அது கவனிக்காது. நம்ம கோட்லயும் இதே கதைதானே? கிராஷ் ஆகுற பக்கை அன்னைக்கே பிடிச்சிடுவோம். கிராஷ் ஆகாம டேட்டாவைத் தப்பா எழுதிட்டே இருக்கிற பக் மாசக்கணக்கா ஓடும்.

அதனாலதான் நம்ம செல்கள்ல சிக்ஸ்-ஃபோர் பழுதெல்லாம் சில மணி நேரத்துல சரியாயிடுது. சிபிடியில கணிசமான பங்கு 24 மணி நேரம் கழிச்சும் அப்படியே இருக்கு. அதுக்குள்ள அடுத்த நாள் வெயில் வந்துடும்.

சிபிடிக்காக இன்னொரு உதவியாளர் உண்டு. அதன் பேர் டிடிபி2. அது ஒட்டின ரெண்டு எழுத்தையும் வெளியே திருப்பி இழுத்து, டிஎன்ஏவை நல்லா வளைச்சு வைக்கும். சத்தம் போடாத பழுதை சத்தம் போட வைக்குது. அப்புறம் எக்ஸ்பிசி வரும், பழுது நிஜமான்னு இன்னொரு குழு சரிபார்க்கும், சுமார் 30 எழுத்து நீளத்துக்கு வெட்டி எடுத்து, எதிர்ப்பக்கத்தைப் பார்த்துப் புதுசா எழுதும். இந்த வெட்டி ஒட்டுற வேலையை விளக்கினதுக்காக அசிஸ் சன்ஜார் 2015-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துக்கிட்டார்.

"கருத்த தோலு" வாதத்துக்கு வருவோம். மெலனின் உண்மையிலேயே பெரிய பாதுகாப்பு. ஆனா அது வர்ற கதிரைத்தான் குறைக்கும், விழுந்த பழுதைச் சரிபண்ணாது. அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டயிருந்தும் பழுதான எக்ஸ்பிசி மரபணு வந்தா, குழந்தைக்கு சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற நோய் வரும். சொந்தத்துல கல்யாணம் பண்றப்போ இதுக்கான வாய்ப்பு கூடும். வெயில் பட்ட இடமெல்லாம் சின்ன வயசுலேயே கரும்புள்ளி, பிறகு தோல் புற்றுநோய். நம்ம நிறத்துல இருக்கிற இந்தியக் குழந்தைகளுக்கும் வருது. மெலனின் மட்டும் போதும்னா, அவங்களுக்கு வரவே கூடாது.

ஒரு கொசுறுத் தகவல். உப்பளத்துல நீர் சுண்டச் சுண்ட இளஞ்சிவப்பா மாறும், பார்த்திருக்கீங்களா? அந்த நிறத்துக்கு முக்கியக் காரணம் உப்பை விரும்பும் நுண்ணுயிர்கள். அதுங்ககிட்ட ஃபோட்டோலயேஸ்னு ஒரு நொதி இருக்கு. சிபிடியைப் பிடிச்சு, நீல வெளிச்சத்தோட சக்தியாலேயே ஒட்டலைப் பிரிச்சு விட்டுடும். மீன், தவளை, கங்காருகிட்டகூட அந்த நொதி உண்டு. நம்ம பரம்பரை எங்கேயோ தொலைச்சிடுச்சு. அத்தை கால் வைக்கிற பாத்தியில இருக்கிற உயிருக்கு உள்ள வசதி, அத்தைக்கு இல்லை.

இதையெல்லாம் அத்தைகிட்ட சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "அப்ப ராத்திரி தூங்குனா முழுசாச் சரியாகாதுங்க?"ன்னு கேட்டாங்க. ஆகாது. வேர்வையில சன்ஸ்கிரீன் நிக்காது, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச அளத்துல யாருக்கு நேரம்? அதனால சேலைக்கு மேல முழுக்கைச் சட்டை, முகத்துக்குத் துணி, கண்ணாடி, முக்கியமா நண்பகல்ல நிழல். விடியுறதுக்கு முன்னாடியே வேலையை ஆரம்பிக்கிற வழக்கம் சரியானதுதான். ஆனா எத்தனை மணிக்கு முடிக்கிறதுங்கிறது அத்தை கையில மட்டும் இல்லை. நிழல் கொட்டகை கேட்கிறது சொகுசுக்காக இல்லைன்னு சொல்ல, இனி அவங்களுக்கு ஒரு காரணம் கூடுதலா இருக்கு.

அத்தை சட்டையை வாங்கிக்கிட்டாங்க. சன்ஸ்கிரீனை நானே எடுத்துட்டு வந்துட்டேன். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.