பட்டு ஒட்டுப்போர்வை

பட்டு ஒட்டுப்போர்வை என்பது பட்டுத் துணித் துண்டுகளை இணைத்து மேலடுக்காகவும், பஞ்சை நடுவடுக்காகவும், பருத்தித் துணியை அடியடுக்காகவும் வைத்து, மூன்றும் நழுவாதபடி ஊடு தைத்துச் செய்யப்படும் போர்வை ஆகும். இவ்வகைப் போர்வை ஆங்கிலத்தில் குயில்ட் என்றும் இந்தியில் ரஜாய் என்றும் அழைக்கப்படுகின்றது. பருத்தி உறைக்குள் பட்டு இழைகளை நிரப்பிச் செய்யப்படும் சீனப் போர்வை இதனின்று வேறானது. இரண்டு புழுக்கள் சேர்ந்து கட்டிய இரட்டைக் கூடுகளில் இழை சிக்கலாக இருப்பதால் சீரான மெல்லிய நூலாக நூற்பது கடினம். அவற்றை விரித்து அடுக்கியே அந்நிரப்பு செய்யப்படுகின்றது.

காஞ்சிபுரம், தாமல் வட்டாரத்தின் மரபுத் தொழில் பட்டு நெசவே. ஒட்டுப்போர்வை அங்கு மரபுக் கைவினை அன்று. எனினும் தமிழ்நாட்டு வீடுகளில் இதற்கு எளிதில் கிடைக்கும் துணி, உடுத்திப் பழையதான காஞ்சிபுரம் பட்டுப்புடவையே ஆகும்.

பழைய புடவையின் முடிவு

காஞ்சிபுரம் பட்டு 2005 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. மரபான சரிகையில் சிவப்புப் பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி சுற்றப்பட்டு, அதன்மேல் பொன் முலாம் பூசப்படுகின்றது. எனவே பழைய பட்டுப்புடவை வாங்குவோர் தருவது சரிகையிலுள்ள வெள்ளிக்கான விலையே. புடவையை எரித்து, சாம்பலை உருக்கி வெள்ளியைப் பிரிப்பது வழக்கமான முறை. உடலும் கரையும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்படும் கோர்வைப் புடவைக்கு இரண்டு வாரமோ அதற்கு மேலோ நெசவு தேவைப்படலாம். அவ்வளவு உழைப்பில் உருவான துணிக்கு இவ்விற்பனையில் மதிப்பு ஏதும் இல்லை. போலிச் சரிகைப் புடவையாயின் வாங்குவோர் அதனை ஏற்பதே அரிது.

இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் இல்லை. கரையையும் முந்தானையையும் வெட்டிச் சரிகைக்காக விற்றுவிட்டு, உடல் பகுதியைப் போர்வைக்கு வைத்துக்கொள்ளலாம். கனத்த சரிகை போர்வையில் உடலை உறுத்தும் என்பதால் இதுவே பெரும்பாலும் பொருத்தமானது.

பிற இடங்களில்

வங்காளத்தில் பழைய புடவை, வேட்டிகளை அடுக்கி ஓட்டுத்தையலிட்டுச் செய்யப்படும் காந்தா பெரும்பாலும் பருத்தியால் ஆனது. தமிழில் உள்ள கந்தை என்னும் சொல்லும் இதனோடு தொடர்புடையது. முர்சிதாபாத்தில் நவாபுகளின் ஆதரவில் வளர்ந்த பாலாபோசு, பட்டு உறைக்குள் அத்தர் மணமூட்டிய பஞ்சை வைத்து, நடுவில் ஊடுதையலின்றி ஓரங்களை மட்டும் தைத்துச் செய்யப்படுவது. போர்த்துக்கீசியருக்காக வங்காளத்தில் பட்டு நூலால் பூத்தையலிடப்பட்ட 17 ஆம் நூற்றாண்டுப் போர்வைகள் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன.

ஐக்கிய அமெரிக்காவில் 1880களில் ஒழுங்கற்ற வடிவப் பட்டுத் துண்டுகளாலான போர்வைகள் பெரும் மோகமாக இருந்தன. அவற்றுள் பல இன்று தூளாக உதிர்கின்றன. பட்டின் மீதுள்ள பசையை நீக்கும்போது அது எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழக்கின்றது. இவ்விழப்பை ஈடுகட்ட அக்கால ஆலைகள் வெள்ளீய உப்புகளை ஏற்றின. அவ்வுப்புகளே பின்னர் இழையை அரித்தன. ஆகவே துணியின் கனத்தை மட்டும் வைத்து அதன் வலிமையைக் கணிக்க இயலாது.

துணியைத் தேர்தல்

பட்டு ஒரு புரத இழை. வெயிலும் வியர்வையும் அதனை நலிவடையச் செய்கின்றன. புடவையில் தோளில் மடித்துக் குத்தப்படும் இடம், கொசுவ மடிப்புகள், பெட்டியில் ஒரே வாகில் ஆண்டுக்கணக்கில் மடிந்திருந்த கோடுகள் ஆகியவை முதலில் விரிசல் விடும். இடுப்பைச் சுற்றும் உட்பகுதிக்கு வெயில் படுவதில்லை. ஆனால் வியர்வை படும். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கையால் மெல்ல இழுத்துச் சோதித்து, நைந்த இடங்களைக் கழித்துவிட வேண்டும். பட்டா செயற்கை இழையா என்னும் ஐயமிருப்பின் ஓரத்து நூல் ஒன்றைக் கொளுத்திப் பார்க்கலாம். பட்டு முடி கருகும் நாற்றத்துடன் எரிந்து, நொறுங்கும் சாம்பலாகும். பாலியெசுட்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

செய்முறை

பட்டு வழுக்கும், வெட்டிய ஓரத்தில் நூல் பிரியும். இவ்விரண்டும்தான் பருத்திப் போர்வை தைத்துப் பழகியவருக்கும் தொல்லை தருபவை. சட்டைக் கழுத்துப்பட்டைக்கு வைக்கும் கேன்வாசு போல, ஒரு பக்கம் பசையுள்ள, ஆனால் அதைவிட மிக மெல்லிய துணியை, வெட்டுவதற்கு முன்பே பட்டின் பின்புறம் இசுத்திரிப் பெட்டியால் ஒட்டிவிட்டால் இரண்டும் குறையும்.

பருத்திக்குத் தையல் விளிம்பு 6 மில்லிமீட்டர் போதும். பட்டுக்கு 12 மில்லிமீட்டர் விடுவது நல்லது. இதனால் துணிச் செலவு எதிர்பாராத அளவு கூடும். 15 சென்டிமீட்டர் சதுரத்தில் நான்கு பக்கமும் 12 மில்லிமீட்டர் விட்டால் 12.6 சென்டிமீட்டரே வெளியில் தெரியும். பரப்பில் ஏறக்குறைய 29 விழுக்காடு விளிம்புக்குள் மறைந்துவிடும். 30 சென்டிமீட்டர் சதுரமாயின் இழப்பு 15 விழுக்காடுதான். எனவே பட்டுக்குப் பெரிய துண்டுகளே ஏற்றவை. 5.5 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 1.2 மீட்டர் அகலமும் கொண்ட புடவையின் பரப்பு 6.6 சதுர மீட்டர். கரை, முந்தானை, நைந்த பகுதிகள் போக, ஒருவர் போர்த்தும் அளவுக்கு மேலடுக்கு அதிலிருந்தே கிடைத்துவிடும்.

முந்தானையைச் சேர்ப்பதாயின், அதன் பாவு உடலின் பாவோடு இணையும் பிட்னி என்னும் தடித்த கோட்டின் மீது தைக்காமல் ஒட்டித் தைக்க வேண்டும். சரிகையின் மீதும் ஊசி ஏறினால் உலோகப் பட்டை அறுந்து பிசிறடிக்கும். ஊடுதையலுக்கு மெல்லிய புதிய ஊசியே ஏற்றது. குண்டூசி குத்திய துளை பட்டில் மறையாமல் நிற்கக்கூடும் என்பதால், குத்துவதை விளிம்புக்குள் நிறுத்திக்கொள்வர்.

பராமரிப்பு

வெவ்வேறு நிறத் துண்டுகள் அருகருகே இருப்பதால் நீரில் நனைத்தால் ஒன்றின் சாயம் மற்றொன்றில் ஏறும். நனைந்த பட்டு வலிமையும் குறையும். உலர் சலவையே பாதுகாப்பானது. பட்டுப்புடவையை அவ்வப்போது மடிப்பு மாற்றி வைப்பது வீடுகளில் வழக்கம். பஞ்சு வைத்த போர்வையை மடிக்காமல், பழைய பருத்தி வேட்டியோடு சேர்த்துச் சுருட்டி, வெளிச்சம் படாத இடத்தில் வைக்கலாம்.