பதட்டத்திற்கு மாத்திரை: நன்மை எது, பக்கவிளைவு எது?



கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடையே ஏறக்குறைய 45 கிலோமீட்டர். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று கடலூர்க்காரர் மனநல மருத்துவரைப் பார்க்கச் சிதம்பரத்திற்குப் பஸ் ஏறுகிறார். அதே காரணத்திற்காகச் சிதம்பரத்துக்காரர் கடலூருக்கு வருகிறார். வாங்கி வந்த மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து வேறு டப்பாவில் போட்டு, வீட்டில் கேட்டால் "சத்து மாத்திரை" என்கிறார். நம் பங்குகளிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் அவர்கள் குடும்பத்தினரையும் மனத்தில் கொண்டு இதை எழுதுகிறோம்.

அச்சம் நம் கடற்கரைக்குப் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம் போன்ற மீனவக் கிராமங்கள் அந்தக் காலையை மறக்கவில்லை. பின்னர் 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2015இல் பெருவெள்ளம். இவற்றைக் கண்டவர் பயப்படுவது இயல்பு. ஆனால் காரணமில்லாத நாளிலும் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, தூக்கம் வருவதில்லை, வேலைக்குப் போக முடிவதில்லை, மாதக்கணக்கில் இதே நிலை என்றால், அது பதட்ட நோயாக இருக்கலாம். தைராய்டு கோளாறு, இரத்தசோகை போன்றவையும் இதே போன்ற தொல்லைகளைத் தரும். எனவே மருத்துவர் முதலில் அவற்றைச் சோதித்துப் பார்ப்பார்.

"எனக்குப் பயம்தானே, மனச்சோர்வு மருந்தை ஏன் எழுதினார்கள்?" என்று பலர் குழம்புகிறார்கள். எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின் போன்ற மருந்துகளுக்கு அந்தப் பெயர் அமைந்துவிட்டதே தவிர, அவை பதட்டத்தையும் தணிக்கின்றன. மூளையில் உள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் வழியாக அவை வேலை செய்கின்றன. பதட்ட நோய்க்கு மருத்துவர்கள் முதலில் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் இவற்றைத்தான்.

இவற்றால் என்ன நன்மை? திடீர்ப் பீதி வருவது குறையும், தூக்கம் சீராகும், ஓயாத கவலை அடங்கும். ஆனால் காய்ச்சல் மாத்திரை போல அன்றே குணம் தெரியாது. பலன் தெரிய 2 முதல் 6 வாரங்கள் வரை ஆகலாம். எல்லாருக்கும் ஒரே மருந்து ஒத்துவருவதும் இல்லை. கடனையோ கணவரின் குடிப்பழக்கத்தையோ மாத்திரை தீர்க்காது. அவற்றை நேர்கொள்ளும் தெம்பைத் தரலாம். பயத்தைத் தூண்டும் எண்ணங்களை அடையாளம் கண்டு மாற்றப் பழக்கும் உளவியல் ஆலோசனையும் மருந்துக்கு நிகரான பலன் தருகிறது. சிலருக்கு இரண்டும் சேர்ந்து தேவைப்படும்.

பக்கவிளைவுகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் சில நாட்களில் குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, தூக்கக் குறைவு வரலாம். பதட்டமே சற்றுக் கூடுவது போலவும் தோன்றலாம். இவை பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தணியும். தாம்பத்திய உறவில் நாட்டம் குறைவது நீண்ட நாள் தொடரலாம். வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற வழி உண்டு. முதியவர்களுக்கு இரத்தத்தில் உப்பு குறையலாம். சில வலி மாத்திரைகளோடு சேரும்போது இரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. 25 வயதுக்குட்பட்டோரில் சிலருக்குத் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் தோன்றலாம் என்பதால், முதல் வாரங்களில் வீட்டார் உடனிருந்து கவனிக்க வேண்டும்.

மறைத்துச் சாப்பிடுவதில் உள்ள ஆபத்து இங்கேதான். வீட்டில் ஒருவருக்கும் தெரியாவிட்டால், மாற்றத்தைக் கவனிக்க ஆளில்லை. உடம்பு தேறியதும் "இனி எதற்கு?" என்று தாமாகவே நிறுத்திவிடுவார்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம்; நோயும் திரும்பலாம். குணமான பிறகும் 6 முதல் 12 மாதங்கள் வரை தொடர்ந்து, பின் மருத்துவர் சொல்படி சிறிது சிறிதாகக் குறைப்பதே முறை.

"ஒருமுறை தொடங்கினால் விடவே முடியாதாமே?" என்ற அச்சமும் உண்டு. அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளோடு இவற்றைக் குழப்பிக்கொள்வதால் வரும் அச்சம் இது. அந்த மாத்திரைகள் உடனே அமைதி தரும். ஆனால் நாளடைவில் அடிமைப்படுத்தக்கூடியவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் அவற்றைக் கேட்டு வாங்குவது பெரும் தவறு. மனச்சோர்வு மருந்துகள் அப்படி ஏங்க வைப்பதில்லை. எனினும் மெதுவாகத்தான் நிறுத்த வேண்டும்.

"மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு அல்லவா?" என்று கேட்போரும் நம்மிடையே உண்டு. சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுபவரிடம் நாம் அப்படிக் கேட்பதில்லை. சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரம் மருத்துவரையும் மருந்தையும் ஆண்டவரின் கொடைகளாகவே காட்டுகிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள், அர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி நடந்த காலத்தில் தாம் ஒரு பெண் மனநல மருத்துவரை வாரம் ஒருமுறை 6 மாதங்கள் சந்தித்ததை வெளிப்படையாகச் சொன்னார். 2021இல் அது உலகெங்கும் செய்தியானது. செபமும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல.

மருத்துவரிடம் போகும்போது நான்கு கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்:

1. என் நோய் மாத்திரை தேவைப்படும் அளவில் உள்ளதா, ஆலோசனை மட்டும் போதுமா?
2. எந்தப் பக்கவிளைவு வந்தால் உடனே வர வேண்டும்?
3. நான் சாப்பிடும் மற்ற மருந்துகளோடு இது சேருமா? கர்ப்பம், பாலூட்டுதல் இருந்தால் என்ன செய்வது?
4. எத்தனை மாதம், எப்படி நிறுத்துவது?

கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும், முன்பு ராஜா முத்தையா மருத்துவமனை என்று நாம் அறிந்த சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. வெளியே போகத் தயங்குவோர் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். தற்கொலை எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

மருந்தின் நன்மையையும் தொல்லையையும் தனியாக எடைபோடுவது கடினம். மருத்துவரோடு, நம்பிக்கைக்குரிய ஒருவராவது கூட இருக்கட்டும். உங்கள் வீட்டில் ஒருவர் "சத்து மாத்திரை" சாப்பிடுகிறாரா? கண்டுபிடித்துக் கேள்வி கேட்காமல், "அடுத்த முறை நானும் கூட வரட்டுமா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.