பாவை ஒன்று, குரல்கள் மூன்று

மரப்பாவையை நாண் இயக்குவதை வள்ளுவர் உவமையாகக் கையாண்டார். அமெரிக்காவின் கெர்மிற் என்னும் தவளைப் பாவைக்கோ நாண் இல்லை. கலைஞரின் ஒரு கை அதன் தலைக்குள் புகுந்து வாயை அசைக்கும், மறுகை மெல்லிய கம்பிகளால் அதன் கரங்களை இயக்கும், குரலும் அவருடையதே.

1955இல் தம் தாயாரின் பழைய மேலங்கித் துணியைக்கொண்டு ஜிம் ஹென்சன் அதனை ஆக்கினார். ஆதியில் அது தவளையாகக்கூட இருக்கவில்லை. 1990இல் அவர் மறைந்தார். பாவையும் அவரோடு மறைவதா என்ற வினா எழுந்தது. ஸ்ரீவ் விற்மயர் அதனை ஏற்று இயக்கினார். அவரும் நீக்கப்பட, 2017இல் மற் வோகல் வந்தார். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் குரல் பொருந்துகிறதா என்றே பலர் செவிசாய்த்தனர்.

பாத்திரம் குரல் மட்டுமன்று. அது எதற்குத் தயங்கும், எப்போது சினக்கும், யாரை மன்னிக்கும் என்பதே அதன் பண்பு. நாடகம் கற்பிக்கையில் மாணவருக்கு நான் வற்புறுத்துவதும் இதுவே. முன்னவரை அப்படியே பிரதிசெய்தால் பாவை உறைந்துவிடும். முற்றாக மாற்றினால் வேறொருவராகிவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வழியிலேதான் வாரிசுக் கலைஞர் நடக்கவேண்டியிருக்கிறது.